மூன்று பல்லும் ஒரு மூட்டை வெள்ளைப் பொடியும்

சிரம்பானில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கடைக்காரரோடு சண்டை போட்டேன். காரணம் ஒரு பால் டின். காசை வாங்கிப் போட்டுக்கொண்டவர் டின்னை என்னிடம் கொடுக்காமல், மேசைக்கு அடியிலிருந்து ஆணியும் சுத்தியலும் எடுத்து, மூடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை போட்டு நீட்டினார். நான் தமிழில் கத்தினேன். அந்தச் சீனர் கோபமே இல்லாமல் மலாயில் பதில் சொன்னார். பக்கத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர்தான் எனக்கு மொழிபெயர்த்தார். முழு டின் விற்றால் கடைக்காரர் ஜெயிலுக்குப் போக வேண்டுமாம். ஓட்டை போட்ட டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டுக்குப் போய்ச் சேராது, அதனால் அப்படி ஒரு சட்டம் என்றார்.

ரந்தாவ் பஸ்ஸில் அந்த டின்னை நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். முதல் வளைவிலேயே பால் என் வேட்டியில் வழிந்துவிட்டது. எறும்புகள் எங்கிருந்துதான் வந்தனவோ, அவையும் டிக்கெட் வாங்கி ஏறியிருக்க வேண்டும்.

மலாயாவில் அப்போது எமர்ஜென்சி. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டே வெளியே இழுப்பது என்று அரசாங்கம் தீர்மானம் செய்திருந்தது. காட்டோரத்து எஸ்டேட்டுகளில் ஜனங்கள் குடியிருக்கும் லயங்களையெல்லாம் முள்கம்பிக்குள் வளைத்துவிட்டார்கள். ஒரு பிடி அரிசி கம்பிக்கு வெளியே போகக் கூடாது. சென்னையில் இதையெல்லாம் பேப்பரில் படித்திருந்தேன். யுத்த காலத்தில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவன் நான், எனக்கா தெரியாது என்று ஒரு மிதப்பு வேறு இருந்தது. அங்கே அரிசி கிடைக்காமல் கஷ்டப்பட்டோம். இங்கே அரிசி கையில் இருப்பதே குற்றம்.

நான் போன காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று பல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாடைத் துண்டுக்குப் பிரதி எடுக்கப் போனேன். சென்னையில் ஒரு காட்சிசாலையில் அச்சு வார்ப்பது என் வேலை. சிலையோ எலும்போ மீனோ, எது வந்தாலும் அதற்கு அச்செடுத்து, பிளாஸ்டர் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அசலைப் போலவே ஒன்று செய்து கொடுப்பேன். கைவேலை சுத்தமாக இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம் என்று காப்பாளர் சொல்வார்.

கோவாலா தெரியுமல்லவா? ஆஸ்திரேலியாவில் மரத்தைக் கட்டிக்கொண்டு, இலையைத் தின்று, நாள் முழுக்கத் தூங்குமே, கரடிக்குட்டி ஜாடையில் ஒன்று. வயிற்றுப் பையில் குட்டியை வைத்து வளர்க்கும். அதற்கு ஒரு பங்காளி இருந்திருக்கிறது. மனுஷன் தலைகாட்டுவதற்கு எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன்பே வம்சம் அற்றுப்போன பிராணி. ரோமம், கண், காது ஒன்றும் மிஞ்சவில்லை. கிடைத்ததெல்லாம் கல்லாகிப்போன தாடையும் பல்லும்தான். அப்போது அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பிற்பாடு பெரிகோவாலா என்று வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

அப்படிக் கிடைத்த துண்டுகளில் ஒன்று நெகிரி செம்பிலானில், ஒரு ரப்பர் எஸ்டேட் பங்களாவில், புகையிலை டின்னுக்குள் பஞ்சில் கிடந்தது. அந்த எஸ்டேட்டின் சின்ன துரை, அதாவது உதவி மானேஜர், ஆஸ்திரேலியாக்காரர். வயது இருபத்தைந்துகூட இருக்காது. எலும்பு தோண்டுகிற கோஷ்டி ஒன்றுக்கு உப்பு ஏரிப் பக்கம் லாரி ஓட்டியவர், ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிறகு மனசு உறுத்தி, கடிதம் எழுதி ஒப்புக்கொண்டு, திருப்பி அனுப்ப இருந்தார். எங்கள் காப்பாளர் இதை எப்படியோ மோப்பம் பிடித்து, அது கப்பலேறுவதற்குள் ஒரு பிரதி வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் வேறு வேலையாகச் சிங்கப்பூரில் இருந்ததால், அந்தத் தலையெழுத்து என் தலையில் விழுந்தது.

பஸ்ஸை வழியில் ஒரு தடுப்பில் நிறுத்தி, சாமான்களை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். ஒரு காவலர் என் பிளாஸ்டர் டின்னைக் கூரான இரும்புக் கம்பியால் இரண்டு இடத்தில் குத்தினார். நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் காட்சிசாலை முத்திரை போட்ட கடிதத்தை நீட்டினேன். முத்திரையில் சிங்கம் இருந்தது. சிங்கத்தைப் பார்த்ததும் போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார். கடிதத்தை மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற கெட்டிக்காரன் உண்டா என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ரந்தாவுக்கு இரண்டு மைல் முன்னால் டயர் வெடித்தது. கூடவே மழை. எங்கள் ஊர் மழை முதலில் ஒரு தூறல் போட்டுச் சொல்லிவிட்டு வரும். இங்கே வாளியோடு கவிழ்க்கிறார்கள். எல்லோரும் ரப்பர் மரத்தடியில் ஒதுங்கினோம். பிளாஸ்டர் டின் மட்டும் பஸ் கூரை மேல், இரண்டு ஓட்டையோடு நனைந்தது.

எஸ்டேட்டில் எனக்கு இடம் கொடுத்தவர் கிராணி ஆரோக்கியசாமி. ஆபீஸ் கணக்குப்பிள்ளையைத்தான் அங்கே கிராணி என்கிறார்கள். ஐம்பது வயது, கட்டையான உருவம், வீட்டுச் சுவரில் மாதா படம். அவர் மனைவி ஞானம்மாள் சாப்பாடு போடும்போதே மன்னிப்புக் கேட்டார். அந்த மாவட்டத்தில் யாரும் வீட்டில் சோறு வடிக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுச் சமையல்கூடத்தில் ஒரே அடுப்பில் வடித்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போடுகிறார்கள். வெந்த சோறு அடுத்த நாளே ஊசிப்போகும், காட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று கணக்கு. சோறு களியாகத்தான் இருந்தது. ஆனால் ஞானம்மாள் வைத்திருந்த நெத்திலிச் சம்பாலுக்கு அந்தக் களியையே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அது அவர்களுடைய இராத்திரிப் பங்கு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கூச்சமாகிவிட்டது.

சாப்பிட்டபின் டின்னைத் திறந்தால் பொடி மேலே கட்டிதட்டிக் கிடந்தது. பிளாஸ்டர் ஈரம் குடித்தால் செத்துப்போகும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் குழைத்தாலும் இறுகாது. கட்டியானதை எடுத்தெறிந்துவிட்டு, வெயிலில் காய்ந்தால் தேறும் என்று மீதியை ஒரு வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி வைத்தேன்.

மறுநாள் சின்ன துரை ஜீப் அனுப்பினார். பங்களா லயத்துக்கு வெளியே ஒரு மேட்டில், தனிக் கம்பி வேலிக்குள் இருந்தது. அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் உட்கார்ந்தார். நம் ஊர் துரைமார் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. தாடையைப் பஞ்சோடு என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டி நீளம்கூட இல்லை, காப்பிக்கொட்டை நிறம். மூன்று பல்லிலும் பிறை பிறையாகக் கூர் விளிம்புகள் இருந்தன. இலையை நறுக்கித் தின்கிற வாய் அது. இன்றைக்கு இருக்கும் கோவாலாவின் பல்லும் அதே மாதிரிதான் என்றார். அந்த உப்பு ஏரிக் கரையில் இப்போது ஒரு மரம் கிடையாதாம். ஆனால் இந்தப் பல் அங்கே இருந்ததால், அங்கே ஒரு காலத்தில் காடு இருந்திருக்க வேண்டும். சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. ஒரு பல்லைப் பார்த்துக் காட்டையே கண்டுபிடிக்கிறார்களே என்று நானும் அசந்துதான் போனேன்.

பங்களா முற்றம் சிமெண்டு போட்டது, நாள் முழுக்க நல்ல வெயில். மறுநாள் பொடியை அங்கே பரப்பிக் காயவைத்து, மத்தியானம் வேலையை ஆரம்பிப்பதாகப் பேச்சு. துரை காலையில் போர்ட் டிக்சன் போகிறார், சாயங்காலம் வருவார், சமையல்காரரிடம் சொல்லி வைப்பார். ஜீப் அவரோடு போய்விடும். நான் பத்து மணிக்குக் காவலோடு நடந்து வர வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலை பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அங்கே அப்படிப் பெயர். பெரட்டு முடிந்து ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் வாளியோடு கம்பி வேலி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பங்களாவுக்குக் கீழே இருக்கும் மரங்கள் அஞ்சலை என்பவளுடைய நிறை, அதாவது அவள் பால் வெட்டும் வரிசை, என்று கிராணி முதல் நாளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். எனக்கோ வெயில் வந்ததும் பொடி காய ஆரம்பித்துவிட வேண்டும் என்று அவசரம். அஞ்சலை யார் என்று கேட்டு, அவளைக் கூப்பிட்டு, மூட்டையை நீட்டி, பங்களா சமையல்காரரிடம் கொடுத்துவிடம்மா என்றேன். முப்பது வயது இருக்கும், ஒல்லியான பெண். ஏன் எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாளிக்குள் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு போனாள். நான் திரும்பி வந்து காப்பி குடித்தேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது, மூட்டை அவள் வாளியில் போனது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க என் மூளைக்குத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் சேதி வந்தது. வாசலில் பெண்களைச் சோதனை போடுகிறவள் வாளியிலிருந்து மூட்டையை எடுத்திருக்கிறாள். வெள்ளைப் பொடி. எந்த வீட்டிலும் மாவு வைத்துக்கொள்ளக் கூடாத எஸ்டேட்டில், துணியில் கட்டி, வாளியில் ஒளித்த மூட்டை. என்ன இது? தெரியாது. யார் கொடுத்தது? கிராணி வீட்டுக்கு வந்த ஐயா. அவர் பெயர் என்ன? தெரியாது. அஞ்சலையைப் போலீஸ் லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் எழுந்துவிட்டேன். கிராணி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். வெளியே ஜீப் சத்தம் கேட்டதும் என்னை உள்ளறைக்குத் தள்ளினார்.

“தம்பி, வாயத் தொறக்காதீங்க. நீங்க வெளியூரு. புடிச்சா உங்களையும் விட மாட்டான், என்னையும் விட மாட்டான். சாயங்காலம் தொர வரட்டும் லா, அவரு பேசிக்குவாரு.”

போலீஸ்காரர் வாசலில் நின்று கேட்டதும் இவர் பதில் சொன்னதும் உள்ளே எனக்குத் தெளிவாகக் கேட்டது. மலாய் எனக்குத் தெரியாது. ஆனால் ‘தா தாவு’ என்றால் தெரியாது என்பது அந்த மூன்று நாளில் பழகியிருந்தது. கிராணி அதை நாலு தரம் சொன்னார். வந்தவர் துரையின் விருந்தாளி, மூட்டை கீட்டை எதுவும் அவருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்று அவர் சொன்னதாகப் பிறகு ஞானம்மாள் எனக்குச் சொன்னார். ஜீப் போய்விட்டது. கிராணி உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல் மாதா படத்துக்கு எதிரில் போய் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது, உட்கார்ந்திருந்தேன். என்ன நடக்கும் என்று கேட்டதற்குக் கிராணி சொன்னார். காட்டுக்குச் சாப்பாடு கடத்தினாள் என்று எழுதிவிட்டால் ஜெயில், இல்லாவிட்டால் நாடு கடத்தி இந்தியாவுக்குக் கப்பல். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அப்படி ஒரு குடும்பம் போயிருக்கிறது. அஞ்சலை பிறந்தது இதே லயத்தில். இந்தியா எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு ஞானம்மாள் சோறு கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்து, பிசைந்து, சாப்பிட்டேன்.

கை கழுவும்போது ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். அஞ்சலையின் புருஷன் மாரிமுத்து, ரப்பர் ஸ்டோரில் வேலை. தோளில் ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்று அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகையில் என்ன கொடுத்தும் குடிக்கவில்லையாம், அம்மா பாலுக்கு ஏங்குகிறதாம். டின் பால் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்று ஞானம்மாளிடம் கேட்டான். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினான். மூட்டையைக் கொடுத்தவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

“அவ திருடி இல்லங்கய்யா,” என்றான். “நீங்க சொன்னா நம்புவாங்க.”

அவன் திட்டியிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கிராணி தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலேயே குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போகும் வழியில் ஆபீஸில் நிறுத்தி, போர்ட் டிக்சனுக்குப் போன் போட்டு, துரை உடனே தாடையோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், மீசையில்லாத மெலிந்த மனுஷர். பொறுமையாகக் கேட்டார். கிராணி மொழிபெயர்த்தார். என் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தரம் சிங்கம் ஒன்றும் செய்யவில்லை. சைக்கிள் குழாய்க்குள் அரிசி வந்திருக்கிறது, வாளிக்கு அடியில் இன்னொரு தகடு வைத்து அதற்குள் அரிசி வந்திருக்கிறது, ஒவ்வொருவரும் வேறு என்னமோ என்றுதான் சொன்னார்கள் என்றார். பிறகு அவர் சொன்னதைக் கிராணி தலையைக் குனிந்துகொண்டே எனக்குச் சொன்னார்.

“காலையில் உங்கள் கிராணி ஒன்றும் தெரியாது என்றார். மத்தியானம் எல்லாம் தெரியும் என்கிறார். நான் எந்த வேளைக் கிராணியை நம்புவது?”

மூட்டை கோலாலம்பூருக்கு, பரிசோதனைக்குப் போகும். பதில் வர எத்தனை வாரமோ. அதுவரை அவள் சிரம்பான் சிறையில். நாளைக் காலை லாரி. அஞ்சலை சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்து ஒட்டியிருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கோலாலம்பூர் எதற்கு, இங்கேயே காட்டுகிறேன் என்றேன். மாவு தண்ணீரில் குழையும். இந்தப் பொடி தண்ணீரில் கல்லாகும். இன்ஸ்பெக்டர் யோசித்தார். சரி, கல்லானால் அப்படியே எழுதுகிறேன், ஆகாவிட்டால் அதையும் எழுதுவேன் என்றார். ஸ்டேஷன் சமையல்காரரிடம் கொஞ்சம் கோதுமை மாவு வாங்கிவரச் சொன்னார். இரண்டு குவளை. ஒன்றில் மாவு, ஒன்றில் என் பொடி. இரண்டையும் நானே கரைத்து மேசையில் வைத்தேன். அந்த நேரம் சின்ன துரையும் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக மேசையைத் தட்டிக் கத்தியதில், கொஞ்சம் இளகியிருந்த இன்ஸ்பெக்டரின் முகமும் இறுகிப்போனது. இந்த நாட்டில் எத்தனை நாளைக்குத்தான் துரைமார் சொல்வதே சாட்சி என்று கேட்டதாகக் கிராணி என் காதில் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பிளாஸ்டர் இறுகவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பென்சிலை மாவுக் குவளையில் விட்டுக் கிண்டினார், அடுத்ததில் விட்டுக் கிண்டினார். இரண்டும் ஒரே கூழ். அடக் கடவுளே, இருபது வருஷம் பண்ணின தொழில் ஒரு பெண்ணின் தலையில் இடியாக இறங்கியதே என்று நினைத்தேன். ஈரம் குடித்த பொடி. மழை, ஓட்டை, டின் என்று நான் உளறினேன். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. செத்த பிளாஸ்டரை வறுத்தால் உயிர் வரும். காட்சிசாலையில் பணம் இல்லாத மாதங்களில் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு இரும்புச் சட்டியும் அடுப்பும் வேண்டும் என்றேன். கிராணி அதை மொழிபெயர்த்ததும் போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மாவு இல்லை என்று சொல்கிற ஆள் அதை வறுக்கப் போகிறேன் என்கிறான், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தானே சமையலறைக்கு வழிகாட்டினார்.

சட்டியில் மீதிப் பொடியைப் போட்டு, ரவை வறுப்பதுபோலக் கிண்டினேன். சூடேறியதும் அது கொதித்தது. உலர்ந்த பொடிதான், ஆனால் உள்ளிருக்கும் ஈரம் கிளம்பிப் பால் பொங்குவதுபோலத் துள்ளும். துள்ளல் அடங்குகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். முன்னால் இறக்கினால் பிரயோஜனமில்லை, பிந்தினால் ஒரேயடியாகக் கருகிச் செத்துவிடும். அதற்குக் கடிகாரம் கிடையாது, கைக்குத்தான் தெரியும். என் கையை அன்றைக்கு நான் நம்பவில்லை. இறக்கினேன். ஆறவிட்டேன். பிறகு சீக்கிரம் இறுக ஒரு சிட்டிகை உப்பு கேட்டேன். இப்போது சமையல்காரரே விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்லானால் மட்டும் போதாது, எதற்கு இது என்றும் காட்டு என்றார் இன்ஸ்பெக்டர். சின்ன துரை புகையிலை டின்னைத் திறந்தார். முறைப்படி செய்தால் அந்தத் தாடைக்கு மெழுகு பூசி, பகுதி பகுதியாக அச்செடுக்க இரண்டு நாள் ஆகும். பச்சைக் களிமண்ணில் அமுக்குவது என் தொழிலில் பாவம். உடையலாம் என்று துரையிடம் சொன்னேன். அவர் பெஞ்சில் இருந்த அஞ்சலையைப் பார்த்தார். “செய்யுங்கள்,” என்றார். சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டேஷன் பின்னால் தோண்டிய களிமண்ணில் பல்லை அமுக்கி எடுத்தேன். நடுப்பல் விளிம்பில் குருணை அளவு பெயர்ந்துவிட்டது. துரை பல்லைக் கடித்துக்கொண்டார். குழைத்ததை அந்தக் குழியில் ஊற்றினேன்.

ஏழெட்டு நிமிஷம் இருக்கும். நான் விரலை வைத்தேன், சுட்டது. பிளாஸ்டர் இறுகும்போது தானாகவே சூடாகும். இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து, அனுமதிகூடக் கேட்காமல், அதன் மேல் வைத்துவிட்டேன். அவர் கையை எடுக்கவில்லை. பக்கத்து மாவுக் குவளையைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்றிருந்தது. திரும்ப இதைத் தொட்டார். பிறகு பென்சிலால் தட்டினார், டக் டக் என்றது. களிமண்ணைப் பிரித்து நான் மூன்று வெள்ளைப் பல்லை மேசையில் வைத்தபோது கிராணி அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பிரதி எனக்குக் கிடைக்கவில்லை. சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டி இன்ஸ்பெக்டர் வைத்துக்கொண்டார். மிஞ்சிய பொடியும் அவரிடம். நான் சென்னைக்குக் கொண்டுபோனது பென்சிலால் போட்ட ஒரு படம், காப்பாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. அஞ்சலையிடம் ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவள் எழுந்தபோது இன்ஸ்பெக்டரும் எழுந்து நின்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஊரடங்கு மணிக்குள் திரும்ப வேண்டும். துரை ஜீப்பில் முன்னால் போனார். நானும் அஞ்சலையும் கிராணியும் எஸ்டேட் லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது, காலையிலேயே ஓடி வந்திருக்க வேண்டும் என்றேன். அவள் பின்னால் போகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், அது என்ன பிராணி என்று கேட்டாள்.

எனக்கும் பேசுவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. சொன்னேன். அது மரத்திலேயே வாழ்ந்தது, இலை தின்றது, இப்போதிருக்கும் கோவாலாவைவிடச் சின்னது, பையில் குட்டியை வைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை போயிருக்கும், இப்போது உலகத்தில் ஒன்றுகூட இல்லை. நீங்க பாத்தீங்களா என்றாள். யாருமே பார்த்ததில்லை என்றேன். பின்ன எப்புடித் தெரியும் என்றாள். பல்லில் பிறை விளிம்பு இருந்தால் இலை தின்கிற ஜாதி என்று விளக்கினேன். இலை என்றால் மரம், மரம் என்றால் காடு. பங்காளிக்குப் பை இருப்பதால் இதற்கும் பை. அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். கிராணிகூடக் குடையை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டார்.

“மூணு பல்லு,” என்றாள் அஞ்சலை. “அத வச்சு, என்ன தின்னுச்சு, எங்க இருந்துச்சு, புள்ளைய எங்க வச்சிருந்துச்சுன்னு எல்லாம் சொல்லிப்புட்டீங்க. என்னைய முழுசா நிக்க வச்சு காலையிலேருந்து பாத்தாங்கய்யா. நீங்களும் பாத்தீங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலியே.”

கிராணி வெளியே திரும்பிக்கொண்டார். லாரி வாசலில் நின்றதும் அவள்தான் முதலில் குதித்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.